ஜிம்னிக்குப் பெரிய டயர்: எது உட்காரும், எது உரசும்

காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். நண்பரின் மாருதி சுசுகி ஜிம்னிக்கு அந்த வாரம்தான் புது டயர் போட்டிருந்தோம். உயரமான ஸ்பிரிங் போட்டு வண்டியைத் தூக்கும் 40 மி.மீ லிஃப்ட், 235/75 ஆர்15 டயர். ஏறும்போது ஒரு சத்தமும் இல்லை. நன்றாக உட்கார்ந்துவிட்டது என்று பேசிக்கொண்டே போனோம். மறுநாள் இறங்கும்போது மூன்றாவது வளைவில் ‘சர்ர்’ என்று சத்தம் வந்தது. அடுத்த வளைவில் ரப்பர் வாடை. ஓரமாக நிறுத்திப் பார்த்தால், முன்சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் லைனர் கிழிந்து, கிளிப் உடைந்து தொங்கிக்கொண்டிருந்தது. டயரின் தோளில் கட்டைவிரல் அகலத்துக்குப் பளபளவென்று ஒரு கோடு.

ஏறும்போது உரசாத டயர் இறங்கும்போது மட்டும் ஏன் உரசியது? இறக்கத்தில் பிரேக் பிடித்தால் எடை முன்பக்கம் சாய்ந்து ஸ்பிரிங் அமுங்குகிறது. அதே நேரத்தில் ஸ்டீயரிங்கும் முழுசாக ஒடிந்திருக்கிறது. கடையில் சமதரையில் நிறுத்திப் பார்த்தபோது இருந்த இடைவெளி அந்த நொடியில் இல்லை. பெரிய டயர் வாங்கப் போகும் புதியவர்கள் கவனிக்க வேண்டியது இந்த ஒரு நொடியைத்தான். ஸ்பிரிங் முழுசாக அமுங்கி, ஸ்டீயரிங் முழுசாக ஒடிந்திருக்கும்போது சக்கரக் கூட்டுக்குள் எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது? அதுதான் உங்கள் டயர் அளவு.

இங்கே ஜிம்னியை வைத்தே சொல்கிறேன். வேறு வண்டி வைத்திருப்பவர்கள் எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், வழிமுறை ஒன்றுதான்.

முதலில் எண்களைப் படியுங்கள்

ஜிம்னி கம்பெனியிலிருந்து 195/80 ஆர்15 டயரோடு வருகிறது. 195 என்பது டயரின் அகலம், மி.மீ கணக்கில். 80 என்பது பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஒரு அங்குலம் 25.4 மி.மீ.

கணக்கு போட்டுப் பாருங்கள். 195-இல் 80 சதவீதம் 156. மேலே ஒன்று, கீழே ஒன்று, ஆக 312. ரிம் 15 அங்குலம், அதாவது 381. இரண்டையும் கூட்டினால் 693 மி.மீ. இதுதான் அசல் டயரின் மொத்த உயரம்.

இதே கணக்கில் 215/75 ஆர்15 டயர் 703.5 மி.மீ வரும். 225/75 ஆர்15 என்றால் 718.5. நண்பர் போட்ட 235/75 ஆர்15 என்றால் 733.5. டயர் கம்பெனிக்குக் கம்பெனி இதில் சில மில்லிமீட்டர் வித்தியாசம் இருக்கும். பட்டன், அதாவது தரையைத் தொடும் ரப்பர் கட்டிகள், ஆழமாக உள்ள டயர் கொஞ்சம் உயரமாகவே நிற்கும்.

பெரிய டயரால் வண்டி எவ்வளவு உயரும் என்பதில் பலர் ஏமாந்துபோகிறார்கள். டயர் 40 மி.மீ உயர்ந்தால் வண்டி 20 மி.மீதான் உயரும். சக்கரத்தின் நடுவிலிருந்து தரை வரை உள்ள பாதிதானே வண்டியைத் தூக்குகிறது! ஜிம்னியின் தரை இடைவெளி 210 மி.மீ. 235/75 போட்டால் ஏறக்குறைய 230. 215/75 போட்டால் 215.

டயரில் அளவுக்குப் பக்கத்தில் ‘96 எஸ்’ மாதிரி ஒரு எண்ணும் எழுத்தும் இருக்கும். 96 என்றால் அந்த டயர் ஒன்று 710 கிலோ தாங்கும். எஸ் என்றால் மணிக்கு 180 கி.மீ வரை. புது டயரில் இந்த எண் பழையதைவிடக் குறையவே கூடாது. எழுத்து விஷயத்தில், கரடுமுரடான டயர்கள் பலவற்றில் 160 கி.மீ-க்கான க்யூ இருக்கும். உங்கள் பழைய டயரில் இருப்பதைவிடக் குறைந்த எழுத்து என்றால் வாங்குவதற்கு முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

லிஃப்ட் செய்வதும் செய்யாததும்

‘லிஃப்ட் போட்டாச்சு, இனி எந்த டயரும் உட்காரும்’ என்று கடைகளில் சர்வசாதாரணமாகச் சொல்வார்கள். இது பாதிதான் உண்மை.

ஜிம்னிக்கு முன்னும் பின்னும் முழு ஆக்ஸில், அதாவது இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே இரும்பு உடம்பு. லிஃப்ட் ஸ்பிரிங் அந்த ஆக்ஸிலுக்கு மேலே உள்ள உடம்பைத்தான் தூக்குகிறது. ஆக்ஸில் நடுவே உருண்டையாகத் தொங்குகிற டிஃபரென்ஷியல், அதாவது மெக்கானிக்குகள் ‘கிரவுன்’ என்று சொல்லும் பாகம், பழைய உயரத்திலேயே இருக்கும். கல்லில் முதலில் இடிப்பது அதுதான். அதைத் தூக்க எளிய வழி பெரிய டயர்தான்.

அப்படியென்றால் லிஃப்ட் எதற்கு? வண்டியின் வயிறு உயரும். ஐந்து கதவு ஜிம்னியின் வீல்பேஸ், அதாவது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே உள்ள தூரம், 2,590 மி.மீ, மேட்டில் ஏறி இறங்கும்போது நடுவயிறு தட்டும். அங்கே 40 மி.மீ பெரிய உதவி. முன் பம்பருக்கும் கூடுதல் இடம் கிடைக்கும்.

ஆனால் டயருக்கான இடம் என்று வரும்போது விஷயம் வேறு. ஸ்பிரிங் உயரமாக இருந்தாலும் பள்ளத்தில் விழுந்து முழுசாக அமுங்கினால், டயர் கூட்டுக்குள் போய் நிற்கும் இடம் பழைய இடமேதான். அதற்கு மேல் போகாமல் தடுப்பது பம்ப் ஸ்டாப் ரப்பர். லிஃப்ட் போடும்போது அந்த ரப்பரையும் தேவையான அளவு கீழே இறக்கிக் கட்டினால்தான் டயருக்கு நிஜமாகவே இடம் கிடைக்கும். லிஃப்ட் போட்டவரிடம் ‘பம்ப் ஸ்டாப் என்ன செய்தீர்கள்?’ என்று கேளுங்கள். நண்பரின் வண்டியில் அதைத் தொடவே இல்லை என்பது மலையிலிருந்து இறங்கிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

லிஃப்டோடு வரும் இன்னும் இரண்டு விஷயங்களையும் டயருக்கு முன்பே சரிசெய்துவிடுங்கள். ஒன்று, உடம்பு உயரும்போது முன் ஆக்ஸில் லேசாகச் சுழன்று காஸ்டர் கோணம், அதாவது ஸ்டீயரிங் திரும்பும் அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் அளவு, குறையும். ஸ்டீயரிங் நேர்கோட்டில் நிற்காமல் அலையும். இதற்குக் காஸ்டர் திருத்தும் புஷ், அதாவது இணைப்புக்குள் உட்காரும் உருளை, கிடைக்கிறது. இரண்டு, ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடித்துவைக்கும் பான்ஹார்ட் ராடின் நீளம் மாறாததால் ஆக்ஸில் ஒரு பக்கமாகத் தள்ளிப்போகும். ஒரு பக்கம் டயர் வெளியே துருத்திக்கொண்டும் மறுபக்கம் உள்ளே போயும் இருந்தால் அதுதான் காரணம். அளவு மாற்றக்கூடிய ராட் போட்டால் சரியாகிவிடும்.

அளந்து பார்க்கும் வேலை

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை போதும். உதவிக்கு ஒரு ஆள், டேப், சாக்பீஸ், பிள்ளைகள் விளையாடும் களிமண் கொஞ்சம். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்கு முட்டுக்கல் வையுங்கள்.

ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுசாக ஒடிக்கச் சொல்லுங்கள். என்ஜினை அணைத்த பிறகுதான் கையை உள்ளே விட வேண்டும். டயருக்கும் கீழ்க்கண்ட இடங்களுக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறது என்று பாருங்கள்: முன் பம்பரின் ஓரம், பின்னால் இருக்கும் லைனர், மட்ஃபிளாப், அப்புறம் உள்பக்கம் ஆக்ஸிலைச் சேஸிஸோடு இணைக்கும் இரும்புக் கை. கடைசியில் சொன்ன அந்தக் கையை யாரும் பார்ப்பதில்லை. பிளாஸ்டிக் உரசினால் பிளாஸ்டிக்தான் கிழியும். இரும்பு உரசினால் டயரின் பக்கச் சுவர் கிழியும். மறுபக்கமும் ஒடித்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

இனி அமுக்கிப் பார்க்க வேண்டும். ஒரு முன்சக்கரத்தை மட்டும் உறுதியான மேடை மேல், அல்லது திடல் ஓரத்து வரப்பின் மேல், மெதுவாக ஏற்றுங்கள். ஏறிய பக்கம் ஸ்பிரிங் அமுங்கும். அந்த நிலையில் இரண்டு பக்கமும் ஒடித்து மறுபடி அளந்து பாருங்கள். சந்தேகமான இடங்களில் கோலிக்குண்டு அளவுக்குக் களிமண்ணை ஒட்டிவிட்டு ஊருக்குள் வேகத்தடைகள் மேல் ஒரு சுற்று போய் வாருங்கள். களிமண் நசுங்கி எவ்வளவு தடிமனில் நிற்கிறதோ அவ்வளவுதான் உங்களிடம் உள்ள உண்மையான இடம். இதைவிடத் துல்லியமாகத் தெரிய வேண்டுமென்றால், பட்டறையில் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு ஆக்ஸிலை ஜாக்கியால் பம்ப் ஸ்டாப் வரை தூக்கிப் பார்க்கச் சொல்லலாம். மெக்கானிக் இல்லாமல் நீங்களே இதைச் செய்ய வேண்டாம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே போகவும் வேண்டாம்.

இப்போது எழுதிவைத்த எண்களோடு ஒப்பிடுங்கள். 215/75 என்றால் முன்னும் பின்னும் மேலும் சுமார் 5 மி.மீ கூடுதலாகத் தேவை. அதே ரிம்மில் உள்ளேயும் வெளியேயும் சுமார் 10 மி.மீ. 235/75 என்றால் சுற்றிலும் சுமார் 20 மி.மீ. கல்லும் சேறும் ஒட்டிக்கொள்ள இன்னும் ஒரு 10 மி.மீ விட்டுவைப்பது நல்லது.

ரிம்

ஜிம்னியின் ரிம் ஐந்தரை அங்குல அகலம். 215/75 அதில் முறையாகவே உட்காரும். 235/75 டயருக்குக் குறைந்தது ஆறு அங்குல ரிம் வேண்டும். ஐந்தரையில் அதை மாட்டித் தருகிற கடைகள் இருக்கின்றன. மாட்டிவிடலாம்தான், ஆனால் டயர் பலூன்போல நடுவில் உப்பி, நடுப்பட்டன் மட்டும் தேயும்.

ஆறு அங்குல ரிம்முக்குப் போனால் ஆஃப்செட் என்ற எண்ணையும், அதாவது ரிம் வண்டியில் பொருந்தும் முகம் ரிம்மின் நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதையும், பார்க்க வேண்டும். அது குறையக் குறைய சக்கரம் வெளியே தள்ளி நிற்கும். உள்ளே இரும்புக் கையில் உரசாது, ஆனால் ஒடிக்கும்போது பம்பர் ஓரத்திலும் மட்ஃபிளாப்பிலும் மோதும். ஸ்டீயரிங்கும் கனக்கும், பேரிங் சீக்கிரம் போகும். முழு ஆக்ஸில் வண்டியில் சக்கரம் பேலன்ஸ் இல்லாமல், புஷ்ஷும் தேய்ந்திருந்தால், ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டீயரிங் பயங்கரமாக உதறும். சக்கரத்தை அதிகம் வெளியே தள்ளுவது அந்த உதறலை இன்னும் கூட்டும். ஆறு அங்குல ரிம்மே போதும், ஏழு எட்டு என்று போகாதீர்கள். ரிம்முக்கும் ஹப்புக்கும் நடுவே ஸ்பேசர் என்ற தகட்டை வைத்துச் சமாளிப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

எந்த வகை டயர்

ஹைவே டயர், ஆல் டெரெய்ன், மட் டெரெய்ன் என்று மூன்று வகை. பார்வைக்கு மட் டெரெய்ன் கம்பீரமாக இருக்கும், மறுக்கவில்லை. பெரிய பெரிய பட்டன், நடுவே அகலமான இடைவெளி. சேற்றை உதறித் தள்ளிவிட்டு அடுத்த பிடியைப் பிடிக்கத்தான் அந்த இடைவெளி. அதே காரணத்தால் தார் ரோட்டில் தொடும் ரப்பர் குறைவு. மழையில் நனைந்த ரோட்டில் பிரேக் பிடித்தால் வண்டி நிற்கக் கூடுதல் தூரம் எடுக்கும். 80 கி.மீ-க்கு மேல் ஒரே இரைச்சல். வாரத்தில் ஐந்து நாள் வேலைக்குப் போய், மாதத்தில் ஒரு நாள் மண்பாதைக்குப் போகிறவருக்கு ஆல் டெரெய்ன்தான் சரி. வயல் சேற்றிலும் ரப்பர் தோட்டச் சேற்றிலும் வாரா வாரம் போகிறவர்கள் மட் டெரெய்ன் பக்கம் போகலாம்.

அளவுக்கு முன்னால் எல்.டி என்று போட்டிருந்தால் அது லைட் டிரக் டயர். பக்கச் சுவர் தடிமன், கூர்மையான கல்லைத் தாங்கும். ஆனால் ஜிம்னியின் எடையே ஏறக்குறைய 1,200 கிலோதான். இரண்டு டன் வண்டிக்கு ஏற்ற 10 பிளை (அடுக்குப் பலம்) டயரை இதில் போட்டால் கட்டைபோல் விறைப்பாக இருக்கும், குலுக்கி எடுக்கும். 6 பிளைக்கு மேல் தேவையே இல்லை.

எடையைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். கடையில் ஒரு தராசு இருந்தால் பழைய டயரையும் புதியதையும் தூக்கி வைத்துப் பாருங்கள். ஜிம்னி என்ஜினின் இழுவை 134 நியூட்டன் மீட்டர்தான். 235/75 போட்டால் சக்கரத்தில் வந்து சேரும் இழுவை உயரக் கணக்கிலேயே ஐந்து சதவீதத்துக்கு மேல் குறைகிறது. எடை கூடுவது அதற்கு மேலே. மலை ஏற்றத்தில் மூன்றாவது கியரில் போன இடத்துக்கு இரண்டாவது கியர் கேட்கும். பிரேக்குக்கும் அதே சுமை.

அளவைத் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணமும் உண்டு. 215/75 ஆர்15 என்பது பொலேரோவின் டயர். தாலுகா ஊரில்கூட எந்தக் கடையிலும் கிடைக்கும். ஊர் தெரியாத இடத்தில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பக்கச் சுவர் கிழிந்து நின்றால் இதன் அருமை தெரியும். 225/75-ஐ ஆசைப்பட்டு முடிவெடுக்கும் முன் உங்கள் ஊரிலும் பக்கத்து ஊரிலும் இருப்பு இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

என் கருத்தைக் கேட்டால், 30–40 மி.மீ லிஃப்ட் போட்ட ஜிம்னிக்கு, அசல் ரிம்மிலேயே 215/75 ஆர்15 ஆல் டெரெய்ன். ரிம், பம்ப் ஸ்டாப், காஸ்டர், பான்ஹார்ட் ராட், லைனர் வெட்டும் வேலை எல்லாவற்றுக்கும் பணமும் பொறுமையும் இருப்பவர்களுக்குத்தான் 235/75.

சட்டம், காப்பீடு

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-வது பிரிவு வண்டியை மாற்றியமைப்பதைப் பற்றிப் பேசுகிறது. பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் கொடுத்த விவரங்களிலிருந்து மாறிப்போகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே லிஃப்டும் பெரிய டயரும் ‘எல்லாரும் போடுறாங்க’ என்று விட்டுவிடக்கூடிய விஷயம் அல்ல. போடுவதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள். காப்பீட்டுக் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து, பதிலையும் எழுத்திலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தயாரிப்பாளரே அந்த மாடலுக்கு இரண்டு அளவு கொடுத்திருந்தால் அதற்குள் மாறுவது சுலபமான வழி. 2020-இல் வந்த மஹிந்திரா தாருக்கு 245/75 ஆர்16, 255/65 ஆர்18 என்று இரண்டு அளவுகள் வந்தன. உயரம் சுமார் 774, 789 மி.மீ. ஜிம்னிக்கு அந்த வசதி இல்லை, எல்லா மாடலுக்கும் ஒரே அளவுதான்.

கடையில் பார்க்க வேண்டியவை

நான்கு அல்ல, ஐந்து டயர் வாங்குங்கள். ஜிம்னியில் நான்கு சக்கர இழுவையைப் போட்டால் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் பூட்டிக்கொள்ளும். ஒரு சக்கரம் மட்டும் சின்ன ஸ்டெப்னியாக இருந்தால், பிடியுள்ள தரையில் கியர் பாகங்கள் முறுக்கிக்கொள்ளும். பெரிய ஸ்டெப்னி பின்கதவில் பம்பரை இடிக்காமல் நிற்கிறதா, கதவுக் கீல் கனம் தாங்குகிறதா என்று அங்கேயே மாட்டிப் பாருங்கள்.

பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. ஐந்தும் ஏறக்குறைய ஒரே காலத்தவையா, ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு வருடத்துக்கு மேல் பழசு என்றால் விலை குறைத்துக் கேளுங்கள். மூன்று வருடம் என்றால் வேண்டாம்.

ஐந்துக்கும் பேலன்சிங், பிறகு அலைன்மென்ட். முழு ஆக்ஸில் வண்டியில் முன்சக்கர டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளே வெளியே திரும்பியிருக்கும் அளவு) மட்டும்தான் சரிசெய்ய முடியும்; கேம்பர் (முன்னிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் அளவு) சரிசெய்தோம் என்று யாராவது பில் போட்டால் என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். நட்டுகளை ஏர் கன்னால் மட்டும் இறுக்கிவிட்டு அனுப்ப விடாதீர்கள், கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரென்ச், அதாவது இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர், வைத்து இறுக்கச் சொல்லுங்கள். லிஃப்ட் போட்டதால் ஹெட்லைட் மேலே அடிக்கும்; எதிரே வருபவர் கண் கூசாமல் அதையும் இறக்கி வையுங்கள்.

போட்ட பிறகு

100 கி.மீ ஓடியதும் நட்டுகளை மறுபடி இறுக்குங்கள். காற்றை முதலில் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அட்டையின் அளவில் வையுங்கள். பிறகு டயரின் பட்டன் மேல் குறுக்காகச் சாக்பீஸ் கோடு போட்டு, நேரான ரோட்டில் சில நூறு மீட்டர் ஓட்டுங்கள். நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம், ஓரங்களில் மட்டும் அழிந்தால் குறைவு. ஒன்றிரண்டு பி.எஸ்.ஐ. கூட்டிக் குறைத்துச் சரியான எண்ணைக் கண்டுபிடியுங்கள். மணலில் போகும்போது 15–18 பி.எஸ்.ஐ. வரை இறக்கலாம், அந்தக் காற்றோடு தார் ரோட்டில் வேகமாகப் போகக் கூடாது. ஆகவே 12 வோல்ட் கம்ப்ரஸர் ஒன்று வண்டியிலேயே இருக்கட்டும்.

மீட்டரையும் ஜி.பி.எஸ்.ஸோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 235/75 போட்டால் மீட்டர் 80 காட்டும்போது அசல் டயரில் போவதைவிட மணிக்கு நாலரை கி.மீ கூடுதலாகப் போவீர்கள். ஓடோமீட்டர் 10,000 என்று காட்டும்போது வண்டி அதைவிட 580 கி.மீ அதிகம் ஓடியிருக்கும். சர்வீஸை அந்தக் கணக்கில் செய்யுங்கள். 215/75 போட்டவர்களுக்கு வித்தியாசம் ஒன்றரை சதவீதம்தான், கவலைப்பட ஒன்றுமில்லை.

முதல் பயணத்தை வீட்டுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். ஏற்றமும் இறக்கமும் வளைவும் உள்ள ஒரு பாதை. ஏற்காடு, ஏலகிரி மாதிரி. போகும் முன் லைனரிலும் பம்பர் ஓரத்திலும் சாக்பீஸ் பூசிவிடுங்கள். இறங்கி வந்து, டயரின் தோளில் வெள்ளை ஒட்டியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். காட்டுப் பாதைகளுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் போகவே கூடாது. அனுமதி உள்ள இடத்துக்கும் இந்தச் சோதனையை முடித்த பிறகே போங்கள்.

கழற்றிய ஐந்து அசல் டயர்களையும் கடைக்காரர் நல்ல விலைக்குக் கேட்பார். கொடுத்துவிடாதீர்கள். சுத்தம் செய்து, வெயில் படாத இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். வண்டியை விற்கும்போதும், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பழைய நிலைக்குக் கொண்டுவரச் சொன்னாலும், அவை தேவைப்படும். நண்பர் விற்காமல் வைத்திருந்தார். அடுத்த வாரமே அந்த ஐந்தையும் மறுபடி மாட்டிக்கொண்டு, 215/75-க்குச் சொல்லிவைத்தார்.